மூன்றெழுத்தை நம்பி...

தேவாரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கோயிலுக்குப் போகிறவர் என்றால் அப்பர், சம்பந்தர், சுந்தரர். வீரப்பன் செய்திகளை விடாமல் படித்தவர் என்றால் மீசைக்கார போலீஸ் அதிகாரி வால்டர் தேவாரம். தேனி மாவட்டத்துக்காரர் என்றால், போடியிலிருந்து மலையை வலது கைப்பக்கமாக வைத்துக்கொண்டு தெற்கே போனால் வருகிற ஊர். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் இளையராஜா பிறந்த பண்ணைப்புரம்.

பேர் ஒன்று, சரக்கு மூன்று. நமக்கு இதில் ஒரு குழப்பமும் வருவதில்லை. 'தேவாரம் பஸ் வந்துடுச்சா?' என்று ஒருவர் கேட்டால், அவர் சம்பந்தரைத் தேடவில்லை என்று தெரியும். பேச்சின் முன்பின் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். கம்ப்யூட்டருக்கு இந்த முன்பின் கிடையாது. அதற்குப் பேர்தான் எல்லாம். பேரில்கூட முழுசாக இல்லை. கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருகிற மூன்றெழுத்து. அதை எக்ஸ்டென்ஷன் என்பார்கள். நாம் வால் என்று வைத்துக்கொள்வோம்.

ஃபைலின் வால் 'டாக்' என்றால் வேர்டைக் கூப்பிடு, 'எம்பி3' என்றால் பாட்டுப் பெட்டியைக் கூப்பிடு, 'ஜேபிஜி' என்றால் படம் காட்டு. எந்த வாலுக்கு எந்த புரோகிராம் என்கிற இந்தக் கல்யாண ஏற்பாட்டுக்குத்தான் ஃபைல் அசோசியேஷன் என்று பேர். விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த எவரும் இந்தக் கல்யாணம் முறிந்து ஒருமுறையாவது அவஸ்தைப்பட்டிருப்பார்கள். ஒருநாள் காலையில் திறந்தால் டெஸ்க்டாப்பில் இருக்கிற ஐகான் எல்லாமே நோட்பேட் ஆகியிருக்கும். எதைக் க்ளிக் செய்தாலும் கட்டம் கட்டமாக, சீன மொழியா சிந்து சமவெளியா என்று தெரியாத ஏதோ ஒன்று வந்து நிற்கும்.

'வைரஸ் சார், ஃபார்மட் பண்ணணும்' என்பார் சர்வீஸ் பையன். பண்ணிவிடுவார். கூடவே குழந்தையின் பிறந்தநாள் போட்டோவும் போய்விடும். பல வீடுகளில் நடந்தது இதுதான். உண்மையில் அந்த ஃபைல்களுக்கு ஒரு கேடும் வந்திருக்காது. எதைக் கொண்டு திறப்பது என்கிற முகவரி மட்டும் அழிந்திருக்கும். வீட்டு வாசலில் கதவு எண் விழுந்துவிட்டது என்பதற்காக வீட்டை இடித்த கதை.

எக்ஸ்பி 2001-ல் வந்தது. 2014 ஏப்ரலோடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிவிட்டது. அதைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று கேட்கலாம். இரண்டு காரணம். ஒன்று, அந்த மெஷின்கள் சின்ன ஊர்களில் இன்னும் சாகவில்லை. இரண்டு, அந்தக் கோளாறும் சாகவில்லை. வேறு சட்டை போட்டுக்கொண்டு உங்கள் புது லேப்டாப்பிலும் இருக்கிறது.

* * *

முதலில் இந்த வால் எங்கிருந்து முளைத்தது?

அறுபது, எழுபதுகளில் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்பெனியின் பெரிய மெஷின்களில் ஃபைலின் பேருக்கு ஆறெழுத்து, பிறகு ரகத்துக்கு மூன்றெழுத்து என்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதைப் பார்த்துப் பழகிய கேரி கில்டால் 1974-ல் எழுதிய சிபி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அது எட்டும் மூன்றும் ஆனது. 1981-ல் வந்த டாஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. மெமரி தங்கம் விலை விற்ற காலம். 'வைகாசித் திருவிழா வரவு செலவு' என்று முழுப்பேர் வைக்க வழியில்லை. 'வைவிவசெ' என்கிற மாதிரி குறுக்கித்தான் வைக்க முடியும். எட்டு எழுத்து பேர், மூன்று எழுத்து இனம். அன்றைக்கு நியாயம்தான்.

அப்போது இந்த வால் மனிதர்களுக்கான குறிப்பு. டாஸில் நீங்கள்தான் புரோகிராமின் பேரை டைப் அடித்துக் கூப்பிட வேண்டும். இந்த வாலை வைத்து கம்ப்யூட்டரே முடிவு செய்துகொள்ளட்டும் என்கிற பழக்கம் விண்டோஸ் வந்த பிறகு கெட்டிப்பட்டது. விண்டோஸ் 95-ல் இதற்கென்று ரெஜிஸ்ட்ரி என்கிற ராட்சசப் பேரேட்டில் ஒரு பெரிய பகுதியே ஒதுக்கினார்கள். எந்த வால், எந்த ஐகான், எந்த புரோகிராம், எல்லாம் அதில் பதிவு. பத்திர ஆபீஸ் மாதிரி. ஒரே ஒரு வித்தியாசம்: இந்தப் பத்திர ஆபீஸில் பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய், யாருடைய நிலத்தையும் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அதே 95-ல் இன்னொரு காரியமும் செய்தார்கள். நீளமான பேர் வைக்க அனுமதித்தார்கள், நல்லது. கூடவே, தெரிந்த ரகங்களின் வாலை மறைத்துவிட்டார்கள். 'சாதாரண ஜனங்களுக்கு இந்தப் புள்ளியும் மூன்றெழுத்தும் குழப்பம்' என்று நினைத்திருப்பார்கள். அதாவது முடிவு எல்லாம் வாலைப் பார்த்துத்தான். ஆனால் வாலை உங்களுக்குக் காட்ட மாட்டோம். இன்றைக்கு விண்டோஸ் 11 வரைக்கும் இதுதான் வழக்கம்.

இதன் விலை 2000-ஆவது வருஷம் மே மாதம் தெரிந்தது. 'உன்னைக் காதலிக்கிறேன்' என்ற தலைப்போடு உலகமெங்கும் ஓர் ஈமெயில். கூடவே ஒரு காதல் கடிதம், வால் 'டிஎக்ஸ்டி'. வெறும் எழுத்து ஃபைல்தானே, திறந்து பார்ப்போம் என்று ஆபீஸ் ஆபீஸாகத் திறந்தார்கள். நிஜ வால் அதற்கும் பின்னால் இருந்தது: 'விபிஎஸ்'. அது புரோகிராம். அந்த நிஜ வாலை விண்டோஸ் மரியாதையாக மறைத்து வைத்திருந்தது. திறந்தவர்களின் அட்ரஸ் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் கடிதம் பறந்தது. மெஷினில் இருந்த படங்களின் மேல் வைரஸ் தன்னையே எழுதிக்கொண்டது. ஃபிலிப்பைன்ஸில் ஒரு மாணவரைப் பிடித்தார்கள். அந்த நாட்டில் அதற்குச் சட்டமே இல்லை என்று வழக்கு நிற்கவில்லை. எல்லோரும் காதலைக் குற்றம் சொன்னார்கள். ஆசை காட்டி ஏமாற்றியவனைத் திட்டினார்கள். வாலை மறைத்தவர்களை அவ்வளவாக யாரும் கேட்கவில்லை.

* * *

அடுத்த வருஷம் ஜூலையில் வந்தது சர்கேம். இது இன்னும் சூட்சுமம். உங்கள் மெஷினிலிருந்தே ஒரு டாகுமென்ட்டை எடுத்து, அதைத் தன்னோடு ஒட்டவைத்து, இரட்டை வாலோடு உங்கள் நண்பர்களுக்கு அனுப்பும். உள்ளே நுழைந்ததும் நேராகப் பத்திர ஆபீஸுக்குப் போய், 'ஈஎக்ஸ்ஈ' வாலுள்ள எந்த புரோகிராமைத் திறந்தாலும் முதலில் என்னைக் கூப்பிடு என்று எழுதிவிடும்.

இப்போது வேடிக்கை பாருங்கள். ஆன்ட்டிவைரஸ் வந்து சர்கேமைக் கொன்றுவிட்டது. பேரேட்டில் எழுதியது மட்டும் அப்படியே இருக்கிறது. நீங்கள் எந்த புரோகிராமைத் திறந்தாலும் விண்டோஸ் செத்துப்போன வைரஸைத் தேடும். காணோம் என்று கைவிரிக்கும். சரி, பேரேட்டைத் திருத்தலாம் என்றால் திருத்துகிற புரோகிராமின் வாலும் ஈஎக்ஸ்ஈ. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதை.

இதற்கு அந்தக் காலத்தில் கைவசம் இருந்த வைத்தியத்தைச் சொல்கிறேன். இன்னும் எக்ஸ்பி வைத்திருக்கிறவர்கள் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் ஃபோல்டரில் இருக்கிற ரெஜ்எடிட் என்ற ஃபைலை ஒரு பிரதி எடுங்கள். பிரதியின் வாலை 'ஈஎக்ஸ்ஈ' என்பதிலிருந்து 'காம்' என்று மாற்றுங்கள். இதற்கு முன்னால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் போய் வாலை மறைக்கிற டிக்கை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 'ரெஜ்எடிட்.காம்' என்று நீங்கள் பேர் வைப்பீர்கள். நிஜத்தில் அது 'ரெஜ்எடிட்.காம்.ஈஎக்ஸ்ஈ' ஆகி உங்களைப் பார்த்துச் சிரிக்கும். பிறகு அந்தப் பிரதியைத் திறந்து, கிளாஸஸ் ரூட் என்ற கிளையில் ஈஎக்ஸ்ஈஃபைல், அதில் ஷெல், அதில் ஓப்பன், அதில் கமாண்ட் என்று இறங்குங்கள். அங்கே "%1" %* என்று மட்டும் இருக்க வேண்டும். வேறு எது ஒட்டிக்கொண்டிருந்தாலும் நீக்குங்கள். அவ்வளவுதான். ஃபார்மட் வேண்டாம். போட்டோ பிழைத்தது.

இந்த வைத்தியம் ஏன் வேலை செய்கிறது என்று யோசித்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. வாலை மாற்றியதால் அந்த புரோகிராம் மாறவில்லை. டபுள் க்ளிக் செய்தபோது விண்டோஸ் 'காம்' ரகத்துக்கான பக்கத்தைப் பார்த்தது; அந்தப் பக்கத்தில் வைரஸ் கை வைக்கவில்லை. அதற்குப் பிறகு ஃபைலை மெமரியில் ஏற்றும்போது, வாலைச் சட்டையே செய்யாமல் உள்ளே முதல் இரண்டெழுத்தைப் பார்த்தது. 'எம்இசட்' என்று இருந்தது. ஓகோ, நம்ம ஆள் என்று ஓடவிட்டது.

எம்இசட் என்பது மார்க் ஸிபிகோவ்ஸ்கி என்ற மைக்ரோசாஃப்ட் இன்ஜினீயரின் இனிஷியல். டாஸ் காலத்தில் அவர் வடிவமைத்த ஃபைல் ரகத்தின் நெற்றியில் தன் பேரைப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். இப்படி ஏறக்குறைய எல்லா ரகத்துக்கும் ஒரு நெற்றிப்பொட்டு உண்டு. ஜிப் ஃபைலின் முதல் இரண்டெழுத்து 'பிகே': ஃபில் காட்ஸ் என்பவரின் இனிஷியல். பிடிஎஃப் ஃபைல் சதவீதக் குறி போட்டு 'பிடிஎஃப்' என்றே ஆரம்பிக்கும். ஆக, உள்ளே பார்த்தே இனம் காணலாம். யூனிக்ஸில் 1973-லிருந்தே 'ஃபைல்' என்றொரு கட்டளை இதைத்தான் செய்கிறது. விண்டோஸுக்கும் தெரியும். தெரிந்தும், சனங்கள் டபுள் க்ளிக் செய்கிற இடத்தில் மட்டும் வாலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

* * *

போடி ஏல மையத்துக்குப் போயிருக்கிறீர்களா? ஸ்பைசஸ் போர்டின் மின்ஏலம். வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை ஏற்றுகிறார்கள். எல்லாம் திரையில்தான். ஆனால் ஏலக்காய் மட்டும் திரையில் இல்லை. ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரி கைக்கு வருகிறது. எடுத்துப் பார்க்கிறார்கள். பச்சை எப்படி, பருமன் எப்படி, நசுக்கினால் உள்ளே அரிசி கறுப்பா, வாசனை நிற்கிறதா? மூட்டையின் மேல் சாக்பீஸில் என்ன எழுதியிருந்தாலும் சரி, காயை உடைக்காமல் விலை கேட்க மாட்டார்கள். 'எட்டு எம்எம் காய்' என்று எழுதிவிட்டால் ஆறு எம்எம் காய் வளர்ந்துவிடாது என்று மலையடிவாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ரெட்மாண்டில்தான் தெரியவில்லை.

இப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, வாலுக்கும் ஒரு நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் வசவாகிவிடும்.

1984-ல் ஆப்பிள் மேக்கின்டாஷ் வந்தபோது அவர்கள் வாலையே வேண்டாம் என்றார்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டு ரகசியக் குறிப்பு: இது என்ன ரகம், இதைச் செய்தது யார். நாலெழுத்து, நாலெழுத்து. பேர் என்னவாக இருந்தாலும், செய்தவரே வந்து திறப்பார். அற்புதமான யோசனை. ஆனால் அந்தக் குறிப்பு ஃபைலுக்கு வெளியே எழுதப்பட்டிருந்தது. ஃபைலை ஃப்ளாப்பியில் போட்டு வேறு கம்பெனி மெஷினுக்குக் கொண்டுபோனால் குறிப்பு கழன்று விழுந்துவிடும். அநாதை ஃபைல். 2001-ல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது அவர்களும் வாலுக்கு இறங்கி வந்தார்கள். வால் பேரிலேயே ஒட்டியிருப்பதால் எங்கே போனாலும் கூடப் போகிறது. எளியது பிழைத்தது.

உள்ளே பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ரொம்ப சாமர்த்தியமாக, வருகிற ஃபைலை மோந்து பார்த்து ரகத்தை அதுவே ஊகிக்கும். படம் மாதிரி வேஷம் போட்டு வந்த விஷமங்கள் அந்த வழியாகவும் நுழைந்தன. எனவே வாலா, வாசனையா என்றால் இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பதே சரி. பொருந்தாவிட்டால், 'இதன் பேர் ஒன்று சொல்கிறது, உள்ளே வேறு இருக்கிறது, என்ன செய்ய?' என்று ஒரு வரி கேட்டால் போதும். நாற்பது வருஷத்தில் அந்த ஒரு வரியை எழுத நேரம் கிடைக்கவில்லை.

நேரம் வேறு எதற்குப் போனது? வாலுக்கு யார் சொந்தக்காரர் என்கிற சண்டைக்கு. எக்ஸ்பி காலத்தில் பண்ணைப்புரத்துக்காரரின் பாட்டு ஒன்று 'எம்பி3'-யாக உங்கள் மெஷினில் இருக்கும். வினாம்ப் போட்டால் அது 'இனி எல்லாம் என்னுடையது' என்னும். ரியல்பிளேயர் போட்டால் பாட்டுகளெல்லாம் அதன் சட்டைக்கு மாறும். பாட்டு ஒன்றுதான், பாடகர் ஒன்றுதான். ஐகான் மட்டும் வாரத்துக்கு ஒன்று. வாலைப் பிடித்தவன் வாடிக்கையாளரைப் பிடித்தான். விண்டோஸோடு மீடியா பிளேயரைக் கட்டி விற்றதற்காக 2004-ல் ஐரோப்பிய கமிஷன் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டது. பிரவுசரைத் தேர்ந்தெடுக்கும் திரையைக் காட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டு காட்டாமல் விட்டதற்கு 2013-ல் 56.1 கோடி. விண்டோஸ் 10 வந்தபோது மக்கள் தேர்ந்தெடுத்து வைத்ததை மாற்றிவிட்டார்கள் என்று மொசில்லா தலைவர் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது பிரவுசரை மாற்ற ஒவ்வொரு வாலாகப் போய் மாற்ற வேண்டியிருந்தது. சத்தம் கிளம்பிய பிறகு அடுத்த வருஷம் ஒரே பட்டன் கொடுத்தார்கள். மூன்றெழுத்து என்று சாதாரணமாக நினைக்காதீர்கள். கோடிக்கணக்கில் புரள்கிற மூன்றெழுத்து.

* * *

அமெரிக்காவும் ஐரோப்பாவும் இந்தச் சண்டையில் இருந்தபோது நாம் என்ன செய்தோம்? நாம் இன்னும் ஒருபடி மேலே போனோம்.

தேவாரம் கடைவீதியில் ஒரு டிடிபி சென்டர். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதணி விழா ஃப்ளெக்ஸ். மூலையில் தடித்த மானிட்டரோடு ஒரு எக்ஸ்பி மெஷின். இன்டர்நெட் கிடையாது; அதுவே அதன் ஆயுளுக்குக் காரணம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் பென்டிரைவோடு வந்தார். 2004-ல் அவர் சொல்லச் சொல்ல அதே கடையில் டைப் அடித்த கையெழுத்துப் பிரதி. சாக்குலூத்து மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு நடந்து ஏறிய ஆட்களைப் பற்றி, அவர்கள் வாயால் கேட்டு எழுதியது. சொன்னவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. பேரன் தன் லேப்டாப்பில் திறக்கப் பார்த்திருக்கிறான். 'எதில் திறக்க?' என்று கேட்டிருக்கிறது. நோட்பேட் என்று தட்டி, 'எப்போதும் இதில்தான்' என்பதையும் தட்டிவிட்டான்.

'எல்லாம் கெட்டுப் போச்சாம் தம்பி. பூச்சி பூச்சியா வருதாம்.'

'கெட்டெல்லாம் போகலை சார். இங்கிட்டு குடுங்க' என்றார் கடைக்காரர். ஃபைலின் வால் 'பிஎம்டி'. பேஜ்மேக்கர் ஏழாம் பதிப்பு. மூலை மெஷினில் செருகினார். க்ளிக் செய்தார். பழைய புரோகிராம் முனகிக்கொண்டே எழுந்தது. தமிழ் வந்தது. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

'இந்த மெஷினு போச்சுன்னா அம்புட்டுத்தான் சார்' என்றார் கடைக்காரர். 'இதுல இருக்கிற ஃபான்ட்டு வித்த ஆளும் கம்பெனியை மூடிட்டாரு.'

பிரச்னையின் இரண்டு மாடியையும் கவனியுங்கள். கீழ்மாடி வால்: எந்த புரோகிராம் என்பது. பேஜ்மேக்கரை அடோபி எப்போதோ நிறுத்திவிட்டது. அதன் வாரிசான இன்டிசைனிலும் 2012-ல் வந்த சிஎஸ்6 பதிப்போடு பழைய பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கிற வசதி போய்விட்டது. 2015-லிருந்து லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் திறக்கப் பார்க்கிறது. சும்மா இருக்கிற தன்னார்வலர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மேல்மாடிதான் நம்ம ஊர்க் கட்டுமானம். ஃபைல் திறந்துவிட்டாலும் உள்ளே எழுத்து எந்த முறையில் இருக்கிறது என்பதை எந்த வாலும் சொல்லாது. பாமினி ஃபான்ட்டில் 'தமிழ்' என்று அடித்தால் கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஃபான்ட் இருக்கிறவரை அது தமிழ். ஃபான்ட் போனால் அரைப்புள்ளி மட்டும்தான் மிச்சம்.

பாமினி ஒரு முறை. டிஸ்கி ஒன்று. 1999-ல் சென்னையில் மாநாடு போட்டு தமிழக அரசு தரப்படுத்திய டாம், டாப் இரண்டு. இது போதாதென்று ஃபான்ட் விற்ற ஒவ்வொரு கம்பெனிக்கும் சொந்தமாக ஒன்று. ஒருத்தர் 'அ' வைத்த இடத்தில் இன்னொருத்தர் 'ஞ' வைத்தார். வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடக் கூடாது என்கிற வியாபாரக் கணக்கும் இதில் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கணக்கில் பூட்டப்பட்டது கடைக்காரர்களின் கல்லாப்பெட்டி இல்லை. பள்ளி மலர்கள், சிறு பத்திரிகைகள், ஆய்வேடுகள், கோயில் தலவரலாறுகள், ஊராட்சித் தீர்மானங்கள், ஒரு தலைமை ஆசிரியரின் பதினெட்டு மாத அலைச்சல்.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே 128 இடம் ஒதுக்கிவிட்டார்கள். விண்டோஸ் 2000-ல் லதா என்ற ஃபான்ட்டோடு தமிழ் வந்தது. எக்ஸ்பியில் கன்ட்ரோல் பேனலுக்குள் நுழைந்து, ரீஜனல் ஆப்ஷன்ஸில் ஒரு டிக் போட்டு, சிடியைச் செருகினால் தமிழ் தெரியும். அந்த டிக் எங்கே இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-ல். பத்தொன்பது வருஷம் கழித்து. நடுவில் அடித்ததெல்லாம் அந்தரத்தில்.

போடி ரயில் ஞாபகம் இருக்கிறதா? மீட்டர் கேஜ் வண்டி 2010 கடைசியோடு நின்றது. அகல ரயில் போடிக்கு வந்து சேர 2023 ஜூன் ஆனது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஊருக்கு ரயில் இல்லை. திட்டினோம்; நியாயம்தான். ஆனாலும் ரயில்வே ஒரு காரியம் செய்தது: தண்டவாளத்தை மாற்றியவர்களே மாற்று வண்டியையும் விட்டார்கள். உங்கள் வீட்டுப் பழைய பெட்டிக்கு நீங்களே சக்கரம் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று பயணிகளிடம் சொல்லவில்லை. எழுத்து விஷயத்தில் நம்மிடம் அதைத்தான் சொன்னார்கள். மாற்றிக் கொடுக்கிற வேலையைச் செய்தது ஆர்வக்கோளாறு பிடித்த தனிமனிதர்களும் சின்ன நிறுவனங்களும்தான். சுரதாவின் பொங்குதமிழ், நியூ ஹொரைசன் மீடியாவின் என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்றவை இல்லாவிட்டால் இன்னும் எவ்வளவோ போயிருக்கும்.

நூலகங்களில் ஓலைச்சுவடி காப்பாற்றப் பணம் ஒதுக்குகிறோம். ஒதுக்க வேண்டியதுதான். முன்னூறு வருஷத்து ஓலையைப் படிக்க ஆள் இருக்கிறார். 2004-ஆம் வருஷத்து ஃபைலைப் படிக்க தேவாரத்தில் ஒரு மெஷின்தான் இருக்கிறது. அதன் ஹார்ட் டிஸ்க் கிர்ர் என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. ஓலைக்குப் பூச்சி மெல்லத்தான் வரும். ஹார்ட் டிஸ்க் ஒரே நாளில் போகும். மாவட்டத்துக்கு ஒரு நூலகத்தில் ஒரு பழைய மெஷின், பழைய ஃபான்ட்கள், ஒரு கன்வர்ட்டர், தெரிந்த ஒரு ஆள். இதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம். டிடிபி கடைக்காரர்களுக்கு இருக்கிற அக்கறையில் கால்வாசி போதும்.

அதுவரைக்கும் நீங்கள் செய்யக்கூடியது சில உண்டு. வாலை மறைக்கிற டிக்கை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தெரியாத ஃபைலைத் திறக்கும்போது 'எப்போதும் இதில்தான்' என்பதைத் தொடாதீர்கள். ஒருமுறை மட்டும் என்று சொல்லிப் பாருங்கள். தவறான புரோகிராமில் திறந்து குப்பையாகத் தெரிந்தால் பதறாமல் மூடிவிடுங்கள். சேமிக்க மட்டும் செய்யாதீர்கள். சேமித்தால்தான் நிஜமாகவே கெடும். நோட்பேடில் முதல் வரியில் 'பிகே' என்று தெரிந்தால் அது ஜிப் ரகம். இன்றைய வேர்டின் 'டாக்எக்ஸ்' ஃபைலும் உள்ளுக்குள் ஜிப்தான். பழைய தமிழ் ஃபைல் இருந்தால் கூடவே அந்த ஃபான்ட்டையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடில் ஒன்று, பார்த்துப் படிக்க பிடிஎஃப்-இல் ஒன்று எடுத்துவிடுங்கள். யூனிகோடில் மாற்றியதை ஒருமுறை வரி வரியாகப் படியுங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

தலைமை ஆசிரியருக்குக் கடைக்காரர் அன்றைக்கே பிடிஎஃப் போட்டுக் கொடுத்துவிட்டார். யூனிகோடுக்கு மாற்றுகிற வேலை பேரனுக்கு. ஒரு நாளைக்கு ஐந்து பக்கம். 'இந்த மெட்டுப் பாதை நிஜமாவே இருக்கா தாத்தா?' என்று கேட்கிறானாம்.